ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: இரண்டும் மோதிக்கொள்ளும் இடங்கள்

விண்டோஸ் 11 போட்டு வந்த லேப்டாப்பில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04-ஐயும் சேர்த்து நிறுவ அரை மணி நேரம் போதும். சிக்கல் அந்த அரை மணியில் பெரும்பாலும் வருவதில்லை. மறுநாள் விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். நேற்று வரை ஓடிய புளூடூத் மவுஸ் இன்று இணையாது. இன்னொரு நாள் நீலத்திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் முடிந்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் க்ரப் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறக்கும்.

தனித்தனிப் பழுதுகள்போலத் தெரிந்தாலும் இவற்றின் வேர் ஒன்றுதான். இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஆனால் சில பொருள்களை இரண்டும் பொதுவாகப் புழங்குகின்றன. டிஸ்க், அதன் தொடக்கத்தில் இருக்கும் சின்ன பூட் பார்ட்டிஷன் (இயங்குதளத்தைத் தொடங்கும் ஃபைல்களுக்காகப் பிரித்த பகுதி), மதர்போர்டின் நினைவில் உள்ள பூட் வரிசை, மதர்போர்டு கடிகாரம், ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப், புளூடூத் சிப். மெஷின் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில்தான் ஒவ்வொரு இயங்குதளமும் இவற்றில் கை வைக்கிறது. எந்தப் பொருளில் யார், எப்போது கை வைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் டூயல் பூட் (ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளம்) பயப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது இன்று பலரிடமும் இருக்கும் அமைப்பு: 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று, அதில் ஏற்கெனவே விண்டோஸ் 11. டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று எதைப் போட்டாலும் அடிப்படை இதேதான். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கமாண்டுகளைப் பழகினால் போதும் என்பவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் 2 போதும், பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். ஹார்டுவேர் முழுவதையும் லினக்ஸ் நேரடியாக ஆள வேண்டும் என்றால்தான் டூயல் பூட்.

முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் மோட்

விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள். அதன் புதிய முறையான 'யூஇஎஃப்ஐ' என்று இருந்தால் நல்லது. விண்டோஸ் 11-ஓடு வந்த மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும். யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட் வசதி (கையொப்பமுள்ள பூட் ஃபைல்களை மட்டும் ஓட்டவிடுவது), டிபிஎம் 2.0 மூன்றும் அதன் தேவைப் பட்டியலிலேயே உண்டு. 'லெகசி' என்று இருந்தால் அது பழைய முறை, டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வகையாக இருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? எம்பிஆர் டிஸ்க்கில் முதல் 512 பைட்டுக்குள் 446 பைட் மட்டுமே பூட் கோடுக்கு இடம். கடைசியாக நிறுவியது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அங்கே உட்காரும். 'விண்டோஸை முதலில் போடு, லினக்ஸை அப்புறம் போடு' என்ற பழைய பாடம் அங்கிருந்து வந்ததுதான். முதன்மைப் பார்ட்டிஷனும் நான்குக்கு மேல் போட முடியாது. யூஇஎஃப்ஐ-யில் டிஸ்க் ஜிபிடி வகை. சாதாரணமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. பூட் கோடு ஒரே இடத்துக்குச் சண்டை போடுவதும் இல்லை. ஃபேட்32 வடிவில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும், பெயர் இஎஸ்பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், 'பூட்' என்று பொதுவாக ஒன்று. எந்த ஃபோல்டரில் உள்ள ஃபைலை முதலில் ஓட்டுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் தனியாக இருக்கும். ஆக, யூஇஎஃப்ஐ மெஷினில் 'க்ரப் போய்விட்டது' என்று பதறும்போது பெரும்பாலும் க்ரப் எங்கும் போயிருக்காது. வரிசை மட்டும் மாறியிருக்கும்.

லெகசி மோடில் விண்டோஸ் இருக்க, உபுண்டுவை யூஇஎஃப்ஐ மோடில் நிறுவினால் க்ரப் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறக்க முடியாது. இரண்டும் ஒரே மோடில் இருக்க வேண்டும். பழைய மெஷினை மாற்ற விரும்பினால் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி விண்டோஸோடே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றும், ஆனால் முதன்மைப் பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும்.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை

பேக்கப் எடுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், பலர் செய்வதில்லை. பார்ட்டிஷனைச் சுருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் சிஸ்டம் உடையலாம். சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். இன்னொரு 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவும் ஃபைலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் திறக்காமல் போனபின் அதைத் தயாரிக்க வேறொருவர் கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 'நான் எதையும் லாக் செய்யவில்லையே' என்று நினைப்பவர்தான் பிறகு தவிக்கிறார். டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. செக்யூர் பூட் நிலையோ பூட் ஆகும் வழியோ மாறினால் சிப் சாவியைத் தராது, 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அங்கே போய் எடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும்.

என்கிரிப்ஷனை முழுக்க எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? வெளியே எடுத்துச் செல்லும் லேப்டாப் என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். திருட்டுப் போனால் உங்கள் டேட்டாவைக் காப்பது அதுதான். பயாஸில் எதையாவது மாற்றும்போது மட்டும் தற்காலிகமாக நிறுத்தி ('சஸ்பெண்ட்' செய்து) மாற்றுங்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. க்ரப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த வசதி. இது ஆனில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் போகிறது. டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அந்த நினைவிலேயே திறந்தபடி இருக்கும். இடையில் உபுண்டு வந்து அதே பார்ட்டிஷனில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய கணக்கை வைத்துக்கொண்டு மேலே எழுதும். ஃபைல்கள் அழியும். அதனால்தான் உபுண்டு அந்தப் பார்ட்டிஷனைத் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் விடுகிறது. உபுண்டு உங்களைக் காப்பாற்றுகிறது. அதைக் கட்டாயப்படுத்தித் திறக்கும் வழிகளை இணையத்தில் பார்த்துச் செய்யாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு அது திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

'ரீஸ்டார்ட்' கொடுத்தால் விண்டோஸ் எப்போதும் முழுதாக நின்றுதான் எழும். ஆகவே விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் போகும்போது ரீஸ்டார்ட் செய்து போகும் பழக்கம் பாதுகாப்பானது.

இடம் பிரித்தல்

512 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் ஏறக்குறைய 476 ஜிபி என்று காட்டும். அதில் 100 முதல் 260 எம்பி வரை இஎஸ்பி, 16 எம்பி மைக்ரோசாஃப்ட் தனக்காக ஒதுக்கியது, கடைசியில் ரிகவரி பார்ட்டிஷன். மீதி எல்லாம் சி டிரைவ். நான் பரிந்துரைக்கும் பிரிப்பு: சி டிரைவுக்கு 220, உபுண்டுவுக்கு 100, மிச்சம் இருக்கும் 150 சொச்சம் இரண்டுக்கும் பொதுவான டேட்டாவுக்கு. உபுண்டு 25 ஜிபியிலும் உட்காரும். ஆனால் ஸ்நாப் தொகுப்புகள், பழைய கெர்னல்கள், நீங்கள் சேர்க்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் நெருக்கிவிடும். உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் 'ஹோம்' ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டுமா என்று கேட்பார்கள். 100 ஜிபிக்குள் வேண்டாம். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்கும்.

சுருக்கும் வேலையை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலமாகவே செய்யுங்கள். சி டிரைவில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. பெட்டியில் கேட்பது எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை. எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை அல்ல. அதுவும் எம்பியில். 250 ஜிபி குறைக்க 256000 என்று கொடுக்க வேண்டும்.

350 ஜிபி காலியாக இருந்தும் 90 ஜிபிதான் குறைக்க முடியும் என்று அது சொல்லலாம். பார்ட்டிஷனின் நடுவிலோ கடைசியிலோ நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ஃபைல் என்பதையும் விண்டோஸே எழுதி வைக்கிறது: 'ஈவென்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். கடைசியாகத் தடுத்த ஃபைலின் பெயர் அதில் இருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பிரதிகள். மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கி, மறுபடி ஆன் செய்யலாம். (ஹைபர்னேட்டை ஆஃபிலேயே விட்டுவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும்.)

சுருக்கியபின் கிடைக்கும் காலியிடத்தை அப்படியே விடுங்கள். அதில் டேட்டா டிரைவை இப்போதே போடாதீர்கள். விண்டோஸ் அதைக் காலியிடத்தின் தொடக்கத்தில், சி-யை ஒட்டிப் போட்டுவிடும். முதலில் உபுண்டு சி-யை ஒட்டி வரட்டும். காரணம் கடைசியில் புரியும்.

பென்டிரைவும் நிறுவுதலும்

உபுண்டு 24.04 நிறுவும் ஃபைல் (ஐஎஸ்ஓ) ஏறக்குறைய 6 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும். இறக்கியதும் ஃபைலின் கைரேகை போன்ற ஷா256 எண்ணைச் சரிபாருங்கள்: 64 எழுத்துகள், தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பாதியில் உடைந்த டவுன்லோட் நிறுவலின் நடுவில் புரியாத பிழையாக வெளிப்படும். ஒரு நிமிடச் சோதனையில் அதைத் தவிர்க்கலாம். பென்டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் பார்ட்டிஷன் வகை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று வைத்து எழுதுங்கள்.

மெஷினை ஆன் செய்யும்போது பூட் மெனு வரவழைக்கும் கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய முதலில் பயாஸுக்குள் அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை ஆஃப் செய்யத் தேவையில்லை. உபுண்டுவின் முதல் ஃபைலான 'ஷிம்' மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தோடுதான் வருகிறது.

உடனே நிறுவாதீர்கள். 'ட்ரை உபுண்டு' கொடுத்து உள்ளே போய் வைஃபை, ஒலி, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் தெரிகிறதா என்பதையும்.

டிஸ்க்கே தெரியாவிட்டால், இன்டெல் மெஷின்களில் காரணம் பெரும்பாலும் ஸ்டோரேஜ் மோட். பயாஸில் ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்று வைத்து அனுப்பியிருப்பார்கள். ஏஎச்சிஐ ஆக மாற்ற வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் ஏஎச்சிஐ டிரைவரை அது பூட்டின்போது ஏற்றுவதில்லை. சரியான வரிசை இது: பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட், மினிமல் என்று டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து பயாஸில் ஏஎச்சிஐ ஆக்குங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும்.

நிறுவும்போது 'விண்டோஸ் பக்கத்தில் நிறுவு' என்ற வழியும் உண்டு, 'மேனுவல்' வழியும் உண்டு. மேனுவல்தான் என் தேர்வு. எது எங்கே போகிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். பிட்லாக்கர் ஆனில் இருக்கும் மெஷினில் எப்படியும் இதுதான் வழி. காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து 100 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன், வகை இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் சாய்கோடு (/). ஸ்வாப் (நினைவகம் நிரம்பினால் டிஸ்க்கில் உதவும் இடம்) பார்ட்டிஷன் தேவையில்லை, உபுண்டு ஸ்வாப்பை ஃபைலாகவே வைத்துக்கொள்ளும். பூட்லோடருக்கு அதே டிஸ்க்.

கடைசித் திரையில் நிதானமாக நில்லுங்கள். எந்தப் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகப்போகிறது என்று அங்கே பட்டியலாக வரும். என்விஎம்இ0என்1பி1 என்பது வழக்கமாக இஎஸ்பி, பி2 மைக்ரோசாஃப்டின் 16 எம்பி, பி3 சி டிரைவ், பி4 ரிகவரி. 'ஃபார்மட்' என்ற சொல் நீங்கள் புதிதாக உருவாக்கிய பி5 பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். பி1 பக்கத்தில் அந்தச் சொல் தெரிந்தால் திரும்பிப் போய் எடுத்துவிடுங்கள். இஎஸ்பி ஃபார்மட் ஆனால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் போய்விடும். சி டிரைவ் முழுசாக இருந்தும் திறக்க வழியிருக்காது.

100 எம்பி இஎஸ்பி போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. உபுண்டு அதில் 10 எம்பிக்குள்தான் எடுத்துக்கொள்ளும், கெர்னல் தன் பார்ட்டிஷனிலேயே இருக்கும். கெர்னலையே இஎஸ்பி-யில் வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்கு அரை ஜிபியாவது தேவை. அப்போது இரண்டாவது இஎஸ்பி ஒன்றைக் காலியிடத்தில் உருவாக்குவதே நல்லது. 100 எம்பியை இழுத்துப் பெரிதாக்க முயல வேண்டாம்.

என்விடியா டிரைவரையும் சேர்த்துப் போட்டால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று நீலத்திரை வந்து ஏறக்குறைய பத்து நொடிதான் காத்திருக்கும். ஏதாவது கீயை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' கொடுத்து, அந்த பாஸ்வேர்டைத் தர வேண்டும். தவறவிட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை ஏற்றவிடாது.

முடிந்ததும் விண்டோஸுக்குப் போய் மீதிக் காலியிடத்தில் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவில் டேட்டா டிரைவை உருவாக்குங்கள். உபுண்டு பார்ட்டிஷன் அங்கே பெயரில்லாமல் தெரியும். அதற்கு ஒரு எழுத்து ஒதுக்கப்பட்டுவிட்டால் 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும். ஒருபோதும் ஆம் என்று சொல்லாதீர்கள். வீட்டில் மற்றவர்களும் அந்த லேப்டாப்பைத் தொடுவார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

க்ரப்பும் பிட்லாக்கரும்

மேலே சொன்ன நிபந்தனை இதுதான். க்ரப் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் பூட் சங்கிலியில் ஷிம்மும் க்ரப்பும் நடுவில் வருகின்றன. டிபிஎம் அளந்து வைத்த வழி அதுவல்ல. ஆகவே ஒவ்வொரு முறையும் ரிகவரி கீயைக் கேட்கக்கூடும். பிட்லாக்கரை வைத்துக்கொள்பவர்கள் விண்டோஸுக்கு க்ரப் வழியாகப் போகாமல், ஆன் செய்யும்போது எஃப்12 மெனுவிலிருந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' எடுப்பதே சுத்தமான வழி. உபுண்டுவில் இருந்தபடியே செய்ய 'எஃபிபூட்எம்ஜிஆர்' என்ற கமாண்ட் இருக்கிறது. அதைச் சும்மா ஓட்டினால் பட்டியல் வரும். விண்டோஸ் பெரும்பாலும் 0000. சிறிய 'என்' ஆப்ஷனோடு அந்த எண்ணைக் கொடுத்தால் அடுத்த ஒரு பூட் மட்டும் நேராக விண்டோஸுக்குப் போகும், அதன் பிறகு பழைய வரிசையே.

என்கிரிப்ஷன் இல்லாதவர்களுக்கு க்ரப் மெனுவே போதும். அதில் விண்டோஸ் வராவிட்டால் காரணம் உண்டு: க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்தப்பட்டுள்ளது. க்ரப்பின் டிஃபால்ட் ஃபைலில் 'ஓஎஸ் புரோபரை டிஸேபிள் செய்' என்ற வரிக்கு ஃபால்ஸ் கொடுத்து 'அப்டேட்-க்ரப்' ஓட்டினால் வந்துவிடும்.

கடிகாரம்

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. சென்னையில் காலை 10 மணிக்கு உபுண்டு ஓடினால் கடிகாரத்தில் 4.30 என்று எழுதும். உடனே விண்டோஸுக்கு மாறினால் அது காலை 4.30 என்றே காட்டும். விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் திருத்தி 10 என்று எழுதினால், அடுத்துத் திறக்கும் உபுண்டு மாலை 3.30 என்னும். இணையம் கிடைக்கும்வரை சேமிக்கும் ஃபைல்களின் தேதி நேரமெல்லாம் தவறாகும். எது புதியது எது பழையது என்று பார்த்து ஒத்திசைக்கும் மென்பொருள்கள் குழம்பிவிடும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. ஆகவே எளிய வழி நமக்குச் சரிப்படும்: உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல்' கமாண்டில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் உபுண்டுவும் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை நேரம் மாறும்போது இரண்டு இயங்குதளமும் தனித்தனியே ஒரு மணி நேரம் நகர்த்தும். அங்கே விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும்: ரெஜிஸ்ட்ரியில் 'டைம்ஸோன் இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்ற பெயரை இடைவெளியில்லாமல் எழுதி, டிவேர்ட் மதிப்பு 1.

மவுஸும் ஃபைல் பெயர்களும்

புளூடூத் மவுஸ் உங்கள் லேப்டாப்பின் புளூடூத் சிப் முகவரியை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறது. முகவரி இரண்டு இயங்குதளத்திலும் ஒன்றுதான். ஆனால் ஜோடி சேரும்போது உருவாகும் ரகசியச் சாவி வேறு. உபுண்டுவில் சேர்த்ததும் மவுஸ் பழைய சாவியைத் தூக்கிப்போட்டுவிடும், விண்டோஸ் அதோடு பேச முடியாது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை எடுத்து உபுண்டுவின் புளூடூத் ஃபைலில் எழுதுவது முழுமையான தீர்வு. அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் அடியில் 1, 2, 3 என்று சேனல் பட்டன் உள்ள மவுஸ் வாங்குங்கள்: சேனல் 1 விண்டோஸுக்கு, 2 உபுண்டுவுக்கு. யுஎஸ்பி டாங்கிள் உள்ள மவுஸில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

பொது டேட்டா டிரைவை உபுண்டு எளிதாகப் படிக்கும், எழுதும், 5.15 முதல் கெர்னலுக்குள்ளேயே என்டிஎஃப்எஸ்3 டிரைவர் உண்டு. டிவைஸ் என்கிரிப்ஷன் அந்த டிரைவையும் பூட்டியிருந்தால் திறக்கும்போது சாவி கேட்கும். ஆவணம், படம், பாட்டு எல்லாம் அங்கே வைக்கலாம். லினக்ஸ் மென்பொருள்களையும் ஹோம் ஃபோல்டரையும் அங்கே வைக்காதீர்கள். ஃபைல் அனுமதிகளை என்டிஎஃப்எஸ் லினக்ஸ் வழியில் காப்பதில்லை. விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு உபுண்டுவைத் திறந்து அந்த டிரைவில் எழுதவும் கூடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்குச் சொன்ன அதே ஆபத்துதான்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. என்டிஎஃப்எஸ்ஸில் பெயரின் எல்லை 255 குறியீடுகள். இஎக்ஸ்டி4-இல் எல்லை 255 பைட்டுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். ஆக, இஎக்ஸ்டி4-இல் 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் போக முடியாது. விண்டோஸில் நன்றாகத் திறந்த நீளப்பெயர் பிடிஎஃப் உபுண்டுவுக்குள் காப்பி ஆகாமல் 'பெயர் மிக நீளம்' என்று மறுத்தால் காரணம் இதுதான். பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு

விண்டோஸின் பெரிய அப்டேட்டுகள் பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றிவிடுவதுண்டு. பயாஸில் போய் 'உபுண்டு' என்ற பெயரை மேலே தூக்கினால் முடிந்தது. அந்தப் பெயரே பட்டியலில் இல்லாவிட்டால்தான் லைவ் பென்டிரைவில் திறந்து க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும். அதனால் அந்தப் பென்டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் அப்டேட்டில் வேறு மாதிரி நடந்தது. பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் எஸ்பேட் என்ற தடைப்பட்டியலை மதர்போர்டு நினைவில் எழுதியது. டூயல் பூட் மெஷின்களைத் தொடாது என்று சொல்லியிருந்தும் பலவற்றைத் தொட்டது. உபுண்டு திறக்கும்போது ஷிம்மின் எஸ்பேட் சரிபார்ப்பு தோற்றது என்று ஒரு வரி, உடனே மெஷின் அணைந்தது. செக்யூர் பூட்டை ஆஃப் செய்து, உபுண்டுவைத் திறந்து, 'எம்ஓகேயூட்டில்' கமாண்டில் எஸ்பேட் பாலிசியை டிலீட் என்று கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்வதுதான் தீர்வாக இருந்தது. 2025 மே அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. இப்போது செக்யூர் பூட்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகி 2023 சான்றிதழ்கள் இடம்பிடிக்கின்றன. இரண்டு இயங்குதளத்தையும் அப்டேட் செய்துகொண்டே இருங்கள். பல மாதம் திறக்காமல் கிடக்கும் லினக்ஸ்தான் இப்படிப்பட்ட மாற்றங்களில் மாட்டிக்கொள்ளும்.

உபுண்டுவை எடுக்க வேண்டுமானால்

பார்ட்டிஷனை மட்டும் அழித்தால் இஎஸ்பி-யில் மிச்சமிருக்கும் க்ரப் தன் கோப்பைத் தேடி, கிடைக்காமல், கறுப்புத் திரையில் 'க்ரப்' என்று காட்டி நிற்கும். வரிசை முக்கியம். முதலில் உபுண்டுவுக்குள் இருந்தபடியே 'எஃபிபூட்எம்ஜிஆர்' மூலம் உபுண்டுவின் பதிவை நீக்குங்கள்: சிறிய 'பி' ஆப்ஷனோடு அதன் எண், அடுத்துப் பெரிய 'பி'. ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ் வரும். அங்கே அட்மின் கமாண்ட் விண்டோவில் 'மவுன்ட்வால்' மூலம் இஎஸ்பி-க்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் உள்ள உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரையும் பூட் ஃபோல்டரையும் தொட வேண்டாம். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 100 ஜிபி பார்ட்டிஷனை டிலீட் செய்து, சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுங்கள்.

தனக்கு வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே எக்ஸ்டெண்ட் எடுத்துக்கொள்ளும். நடுவில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்த ஆப்ஷன் மங்கலாகிக் கிடக்கும். உபுண்டுவை முதலில் சி-யை ஒட்டி வைத்து, டேட்டா டிரைவை அதற்கப்பால் போடச் சொன்னது இதற்காகத்தான். டேட்டாவில் ஒரு ஃபைலைக்கூட நகர்த்தாமல் 100 ஜிபியும் சி-க்குத் திரும்பிவிடும்.